ஏழு நாளில் எவ்வளவு தூரம்: ஹீரோஸ் 3-க்கு ஒரு மேப் செய்த அனுபவம்

ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3 என்ற கணினி வியூக விளையாட்டு வெளிவந்தது 1999-ல். இத்தனை வருடம் கழித்தும் அதை விடாமல் ஆடுகிறவர்கள் இருப்பதற்கு அதோடு சேர்ந்து வந்த மேப் எடிட்டர், அதாவது ஆடும் களத்தை நாமே வடிவமைக்கும் மென்பொருள், ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. மலை, காடு, நகரம், சுரங்கம், காவல் நிற்கும் உயிரினங்கள் எல்லாவற்றையும் எடுத்து வைத்து, சேமித்து, நண்பரைக் கூப்பிட்டு ஆடிவிடலாம். நானும் அப்படித்தான் இதற்குள் வந்தேன். இரண்டு பேர் ஒரே கணினியில் மாறி மாறி ஆடும்படி ஒரு மேப் செய்து, அதை நெடுநாள் திருத்தித் திருத்தி வைத்திருக்கிறேன். அதில் கற்றவற்றை, சொந்தமாக மேப் செய்ய நினைக்கிறவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

எடிட்டரைத் திறந்ததும் அது கேட்கும் முதல் கேள்வி அளவு. சிறியது 36×36 கட்டம், நடுத்தரம் 72×72, பெரியது 108×108, மிகப் பெரியது 144×144. கூடவே நிலத்தடி வேண்டுமா என்றும் கேட்கும். வேண்டும் என்றால் அதே அளவில் இன்னொரு தளம் கிடைக்கும். இந்த எண்களைப் பார்த்ததும் நிலப்பரப்பு எவ்வளவு என்று யோசிக்கத் தோன்றும். நான் யோசிக்கச் சொல்வது நாட்களை. இந்த விளையாட்டில் ஒரு டர்ன் ஒரு நாள். ஏழு நாள் ஒரு வாரம். நகரங்களில் புதிய வீரர்கள் வந்து சேர்வது வாரத்தின் முதல் நாளில் மட்டும். ஒரு நகரத்தில் ஒரு நாளைக்கு ஒரு கட்டடம்தான் கட்டலாம். ஆட்டம் முழுக்க இந்த ஏழு நாள் தாளத்தில்தான் ஓடுகிறது. ஆகவே ஒரு சுரங்கம் நகரத்திலிருந்து எத்தனை கட்டம் தள்ளி இருக்கிறது என்பதைவிட, மூன்றாம் நாள் கைக்கு வருமா, எட்டாம் நாள் வருமா என்பதுதான் ஆட்டக்காரரின் பிழைப்பைத் தீர்மானிக்கிறது.

அதனால் எடிட்டரைத் தொடும் முன் ஒரு தாளில் நாட்காட்டி எழுதுவேன். முதல் வாரம் முடிவதற்குள் ஆட்டக்காரர் கையில் என்ன இருக்க வேண்டும்? மரமும் தாதுவும் தரும் இரண்டு சுரங்கங்கள் மூன்று நாளுக்குள். அவருடைய நகரத்துக்கு மிகவும் தேவைப்படும் அரிய வளம் வாரக் கடைசியில். இரண்டாம் வாரத்தில் வீட்டுப் பகுதியை விட்டு வெளியேறும் வாசல் திறக்க வேண்டும். மூன்றாம் வாரத்தில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டும். ஐந்து, ஆறு வாரத்தில் ஆட்டம் ஒரு முடிவுக்கு வர வேண்டும். ஒரே மாலையில் உட்கார்ந்து முடிக்கக்கூடிய ஆட்டம் எனக்கு வேண்டியிருந்தது, அதனால் 72×72 எடுத்தேன். மாதக்கணக்கில் ஆடும் பெரும் கதை வேண்டும் என்றால் நாட்காட்டியை நீட்டுங்கள், அளவு தானாக வரும். ரசிகர்கள் செய்த ஹார்ன் ஆஃப் தி அபிஸ் என்ற விரிவாக்கத்தில் இதைவிடப் பெரிய அளவுகளும் உண்டு.

நாளைக் கட்டமாக மாற்றும் கணக்கு இதுதான். படையை நடத்திச் செல்லும் ஒரு ஹீரோவின் ஒரு நாள் நடை, அவர் படையில் இருப்பதிலேயே மெதுவான உயிரினத்தைப் பொறுத்தது. அதன் வேகம் 3 என்றால் 1500 புள்ளி. 11 அல்லது அதற்கு மேல் என்றால் 2000 புள்ளி. புல்வெளியிலும் மண்ணிலும் ஒரு கட்டம் நேராக நகர 100 புள்ளி செலவு, மூலைவாக்கில் 141. கரடுமுரடான நிலத்தில் 125, மணலிலும் பனியிலும் 150, சதுப்பில் 175. சாலை போட்டுவிட்டால் கீழே எந்த நிலம் இருந்தாலும் சரி: மண் சாலை 75, சரளைச் சாலை 65, கல் பாவிய சாலை 50. 1500 புள்ளி உள்ள ஹீரோ புல்லில் ஒரு நாளைக்கு 15 கட்டம் போவார், சதுப்பில் 8, கல் சாலையில் 30. ஒரே 72×72 மேப்தான். ஆனால் ஒரு சாலைத் தூரிகையை இழுத்தால் அது பாதியாகச் சுருங்கிவிடுகிறது, சதுப்பைப் பூசினால் ஏறக்குறைய இரண்டு மடங்காக விரிகிறது. இந்த எண்களை ஒரு சீட்டில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். மேப் செய்கிறவருக்கு இதைவிடப் பயனுள்ள அட்டவணை வேறு இல்லை.

என் மேப்பில் வடக்கே பனி, அங்கே டவர் நகரம். தெற்கே சதுப்பு, அங்கே ஃபோர்ட்ரெஸ். இரண்டும் விளையாட்டில் உள்ள நகர வகைகள், ஒவ்வொன்றுக்கும் தனி உயிரினங்கள் உண்டு. நடுவே ஒரு புல்வெளிப் பள்ளத்தாக்கு. இரண்டு பக்கத்தையும் கண்ணாடி பிம்பம் போல ஒன்றாகவே செய்துவிட்டால் நியாயம் பற்றிய கவலை பாதி தீர்ந்துவிடும், போட்டிக்கான மேப் செய்கிறவர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எதிராளியின் ஊர் நம் ஊர் மாதிரியே இருந்தால் அதைக் கண்டுபிடிப்பதில் ஒரு ஆனந்தம் போய்விடுகிறது. இன்னும் போகாத இடங்களை மறைத்திருக்கும் மூடுபனியை விலக்கிப் பார்க்கும்போது அங்கே வேறொரு தேசம் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அப்படி ஆசைப்பட்டால் நியாயத்தைக் கட்டங்களில் தேட முடியாது, நாட்களில்தான் தேட வேண்டும். மேப் வேலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான்.

எடுத்துக்காட்டாகச் சாலை. படையில் உள்ள உயிரினங்கள் எல்லாம் அந்த நிலத்துக்குச் சொந்தமானவையாக இருந்தால் நிலத்தால் வரும் கூடுதல் செலவு கிடையாது. டவர் படைக்குப் பனி 100, ஃபோர்ட்ரெஸ் படைக்குச் சதுப்பு 100. வடக்கே படையெடுக்கும் ஃபோர்ட்ரெஸ் ஆட்டக்காரர் பனியில் கட்டத்துக்கு 150 கொடுக்கிறார். தெற்கே படையெடுக்கும் டவர் ஆட்டக்காரரோ சதுப்பில் 175 கொடுக்கிறார். தாக்க வருகிறவருக்குத் தெற்கு இன்னும் கடினம் என்று அர்த்தம். இதைச் சரி செய்ய, தெற்கில் வாசலிலிருந்து நகரம் வரை மண் சாலை போட்டேன், வடக்கில் பாதி தூரத்தோடு நிறுத்தினேன். கவனியுங்கள், அந்தச் சாலையால் ஃபோர்ட்ரெஸ்காரருக்குக் கட்டத்துக்கு 25 புள்ளிதான் மிச்சம், 100 என்பது 75 ஆகிறது. படையெடுத்து வருகிற டவர்காரருக்கோ 175 என்பது 75 ஆகிறது. யார் வீட்டில் போட்டாலும் சாலை விருந்தாளிக்குத்தான் அதிகம் உதவும். தற்காப்பு ஓங்கி ஆட்டம் இழுத்துக்கொண்டே போகிறது என்றால் கூடுதல் படை கொடுப்பதைவிடச் சாலை போட்டுப் பாருங்கள்.

அடுத்தது காவல். பாதையில் நிற்கும் காவல் படை அணையின் மதகு மாதிரி, எந்த நாளில் எவ்வளவு திறக்கிறது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. தூரத்தை மட்டும் வைத்து மூன்றாம் வாரச் சந்திப்பை உறுதி செய்ய முடியாது. நகரத்துக்கு நகரம் 50 கட்டம் என்றால் நல்ல சாலையில் இரண்டு நாளில் எதிராளி வாசலில் வந்து நிற்பார். அதைத் தள்ளிப்போடுவது நடுவில் நிற்கிற காவல்தான். அதன் பலத்தை முடிவு செய்ய ஆட்டக்காரரின் வார வளர்ச்சியைத் தெரிந்துகொள்ள வேண்டும். டவரின் உயிரினங்களில் கிரெம்லின் வாரத்துக்கு 16, கார்கோயில் 9, கோலம் 6, மேஜ் 4. ஃபோர்ட்ரெஸில் நோல் 12, லிசர்ட்மேன் 9, செர்பென்ட் ஃப்ளை 8, பாசிலிஸ்க் 4. நகரக் கோட்டையைச் சிட்டடெல் நிலைக்குக் கட்டினால் இதில் பாதி கூடுதலாக வரும், அடுத்த நிலையான காஸில் கட்டினால் இரண்டு மடங்கு. இரண்டாம் வார முடிவில் ஒருவர் கையில் சராசரியாக என்ன படை இருக்கும் என்று இதிலிருந்து கணக்குப் போட்டு, அந்தப் படை கொஞ்சம் இழப்போடு வெல்லக்கூடிய காவலை வாசலில் நிறுத்துகிறேன்.

காவல் படையும் சும்மா நிற்பதில்லை, வாரத்துக்குப் பத்து சதவீதம் வளரும். 40 பேராக வைத்த படை மூன்று வாரத்தில் 53 பேர் ஆகிவிடும். வளர வேண்டாம் என்றால் எடிட்டரிலேயே அதை நிறுத்தலாம். ஆனால் நான் வாசல் காவலை வளர விடுகிறேன், தாமதித்தால் விலை ஏறும் என்ற அழுத்தம் நல்லது. நான்காம் வாரத்துக்கு மேல்தான் தொடுவார்கள் என்று தெரிந்த பெரிய பொக்கிஷக் காவல்களை மட்டும் நிறுத்தி வைக்கிறேன்.

எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. டவர், ஃபோர்ட்ரெஸ் இரண்டு வாசலிலும் ஒரே அளவு ஜாம்பிகளை நிறுத்தினால் பார்வைக்கு நியாயம் போலத் தெரியும். ஜாம்பியின் வேகம் 4. டவரில் மாஸ்டர் கிரெம்லினும் மேஜும் தூரத்திலிருந்து சுடுகிறவர்கள். ஜாம்பிகள் தள்ளாடி வந்து சேர்வதற்குள் பாதிப் பேர் விழுந்திருப்பார்கள். ஃபோர்ட்ரெஸில் சுடத் தெரிந்தது லிசர்ட்மேன் மட்டும். ஆகவே அதே காவல் வடக்கே பத்தாம் நாளிலும் தெற்கே பதினான்காம் நாளிலும் திறக்கும். இதற்கு என் தீர்வு, வாசல்களில் மெதுவாக நடக்கும் உயிரினங்களை வைக்காமல், ஹார்பி போலப் பறந்து வரும் உயிரினங்களை வைப்பது. சுடுகிறவர்களுக்குக் கிடைக்கும் இலவச சுற்றுகள் அங்கே குறைந்துவிடும். அதற்கு அப்புறம் இரண்டு வாசலும் திறக்கும் நாள் நெருங்கி வந்தது.

இன்னொரு விஷயம், ஆட்டக்காரருக்குத் தெரிவது எண் அல்ல, ஒரு சொல்தான். காவல் படை மீது வலது பொத்தானை அழுத்தினால் 'பேக்' என்று வந்தால் 10 முதல் 19 வரை, 'லாட்ஸ்' என்றால் 20 முதல் 49, 'ஹோர்ட்' என்றால் 50 முதல் 99. 20-ம் 49-ம் வெளியே ஒன்றாகத்தான் தெரியும். 'லாட்ஸ்' என்று பார்த்து முப்பது சொச்சம் இருக்கும் என்று நம்பி மோதுகிறவருக்கு 49 பேரை நிறுத்துவது ஏமாற்று வேலை. எண்ணை எப்போதும் அந்த இடைவெளியின் நடுப்பகுதியில் வைக்கிறேன். தோற்றால்கூட தன் கணிப்பில் தோற்றோம் என்று அவருக்குத் தோன்ற வேண்டும்.

காவலை எங்கே நிறுத்துவது என்பதும் முக்கியம். ஒரு உயிரினம் தன்னைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களையும் காக்கும். அதனால் மூன்று கட்ட அகலப் பாதையின் நடுவில் நிறுத்தினால் பாதை முழுக்க அடைபடும். நான்கு கட்டம் அகலம் இருந்தால் ஓரமாக நழுவிவிடலாம். எடிட்டரில் எந்தக் கட்டத்தில் நடக்கலாம், எதில் முடியாது என்று நிறமிட்டுக் காட்டும் ஒரு பார்வை இருக்கிறது. மலை வைத்தால் அதன் படம் பெரிதாகத் தெரியும், ஆனால் மேல் பகுதிக் கட்டங்கள் பல உண்மையில் நடக்கக்கூடியவை. கண்ணுக்கு அடைபட்ட மலைத்தொடராகத் தெரிவது, அந்தப் பார்வையைப் போட்டால் ஓட்டைச் சல்லடையாக இருக்கலாம். ஒவ்வொரு எல்லையையும் அந்தப் பார்வையில் ஒருமுறை கண்ணால் வழிநடந்து பார்த்துவிடுங்கள். அதே காரணத்துக்காக, உயரமான மரத்துக்கும் மலைக்கும் பின்னால் பொருட்களை ஒளித்து வைக்காதீர்கள். திரையில் தெரியாத புதையலைத் தேடிச் சுட்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்துவது யாருக்கும் சுகமில்லை.

பொக்கிஷப் பெட்டிகள் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், மேப்பின் பொருளாதாரம் பெரும்பாலும் அங்கேதான் கவிழ்கிறது. ஒரு பெட்டி பெரும்பாலும் 1000, 1500, 2000 தங்கத்தில் ஏதாவது ஒன்றைத் தரும், அல்லது அதில் 500 குறைவான அளவுக்கு அனுபவப் புள்ளி தரும். வருமானம் தரும் கட்டடங்களில் முதல் படியான வில்லேஜ் ஹால் மட்டும் உள்ள நகரம் நாளைக்கு 500 தங்கம் தரும், வாரத்துக்கு 3500. ஆக, இரண்டு நல்ல பெட்டி ஒரு நகரத்தின் ஒரு வார வருமானத்தையே தாண்டிவிடுகிறது. அழகுக்காகவோ காலியாக இருக்கிறதே என்றோ இங்கொன்றும் அங்கொன்றும் தூவினால், எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே கட்டி முடித்துவிடுவார்கள். டவுன் ஹால் 1000, சிட்டி ஹால் 2000, கேபிடல் 4000 என்று ஏறும் படிகளில் எதைக் கட்டுவது, படையை எடுப்பதா வருமானத்தை உயர்த்துவதா என்ற தவிப்புதான் முதல் இரண்டு வாரத்தின் ருசி. பணம் கொட்டிக் கிடந்தால் அந்தத் தவிப்பே இருக்காது. வீட்டுப் பகுதிப் பெட்டிகளைக் கணிசமாகக் குறைத்து, பள்ளத்தாக்கில் காவலுக்குப் பின்னால் நகர்த்திய பிறகுதான் என் மேப் கலகலப்பானது. வெளியே போக ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

அரிய வளங்களும் நாட்காட்டிக் கணக்குதான். மரச் சுரங்கமும் தாதுச் சுரங்கமும் நாளைக்கு இரண்டு தரும், பாதரசம், கந்தகம், படிகம், ரத்தினம் ஆகியவை நாளைக்கு ஒன்று, தங்கச் சுரங்கம் 1000. டவருக்கு ரத்தினம் உயிர். டவரின் மிகப் பலமான உயிரினமான ஜெயன்ட் வசிக்கும் கட்டடத்துக்கு 10 ரத்தினம், அதை டைட்டனாக உயர்த்த இன்னும் 30. ஒரே ஒரு ரத்தினச் சுரங்கம் என்றால் வாரத்துக்கு ஏழுதான். இரண்டாவது ரத்தினச் சுரங்கத்தை எங்கே வைக்கிறேனோ, அதுதான் டைட்டன் எந்த வாரத்தில் களத்துக்கு வரும் என்பதை எழுதி வைக்கிறது. அதைப் பள்ளத்தாக்கில், ஃபோர்ட்ரெஸ்காரரும் எட்டிப் பறிக்கக்கூடிய இடத்தில் வைத்தேன். ஃபோர்ட்ரெஸின் மிகப் பலமான உயிரினமான ஹைட்ராவுக்குத் தேவையான கந்தகத்தின் இரண்டாவது சுரங்கத்தையும் அதே பள்ளத்தாக்கின் மறுகோடியில் வைத்தேன். தனக்கு அவ்வளவாகத் தேவைப்படாத சுரங்கத்தை, எதிராளிக்குத் தேவை என்பதற்காகவே ஓடிப்போய்க் கைப்பற்றுகிறார்கள். பள்ளத்தாக்கில் முதல் சண்டை எப்போதும் இதற்காகத்தான் வருகிறது, அதைப் பார்க்கும் சந்தோஷத்துக்கு அளவில்லை.

மந்திரங்களை அவசியம் கவனியுங்கள். நீங்கள் இவ்வளவு கணக்குப் போட்டு வைத்த மலையும் வாசலும், பறக்கும் மந்திரத்துக்கும், தடைகளைத் தாண்டி ஒரே தாவலில் போக வைக்கும் டைமென்ஷன் டோருக்கும் ஒரு பொருட்டே இல்லை. இரண்டும் ஐந்தாம் நிலை. நகரத்துக்கு உடனே திரும்ப உதவும் டவுன் போர்ட்டல் நான்காம் நிலை. டவர் நகரத்தில் மந்திரக் கூடம் ஐந்து நிலை வரை போகும், ஃபோர்ட்ரெஸில் மூன்றோடு சரி. அதாவது இந்த மூன்று மந்திரமும் என் மேப்பில் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் நகரத்தில் கிடைக்கும். 2000-ல் வந்த தி ஷேடோ ஆஃப் டெத் விரிவாக்கத்தின் எடிட்டரில், மேப் அமைப்புப் பக்கத்திலேயே குறிப்பிட்ட மந்திரங்களைத் தடை செய்யலாம். மூன்றையும் தடை செய்தேன். டவர் ரசிகரான நண்பருக்கு இதில் வருத்தம்தான், டவருக்கே உரிய ஒரு பெருமையைப் பிடுங்கிவிட்டதாகச் சொன்னார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் நடுத்தர அளவு மேப்பில் தூரத்துக்கு ஒரு மதிப்பு இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். 144×144 மேப் என்றால் டவுன் போர்ட்டலை விட்டுவைத்திருப்பேன், அங்கே திரும்பி நடக்கும் வேதனை பெரிது.

நிலத்தடித் தளம் தொடக்கத்தில் முழுக்கப் பாறை. நீங்கள்தான் குடைந்து வழி செய்ய வேண்டும். அதனால் அங்கே எல்லைகள் தாமாகவே கெட்டியாக இருக்கும், ஓட்டைக் கவலை குறைவு. மேலே போகும் வாசல்களை வைக்கும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: மேல் தள வாசல் கீழ்த் தளத்தில் தனக்கு மிக அருகில் உள்ள வாசலோடு இணையும். இரண்டையும் ஏறக்குறைய ஒன்றுக்கு நேர் கீழே ஒன்றாக வைத்துவிட்டால் குழப்பமில்லை. மோனோலித் எனப்படும் மாயத்தூண்கள் வேறு விதம். ஒரே வகையில் இரண்டுக்கு மேல் வைத்தால் எங்கே வெளியே வருவோம் என்பது அதிர்ஷ்டம். எனக்கு அது பிடிக்கவில்லை, இரண்டிரண்டாகவே வைக்கிறேன். கீழே ஒரு குறுக்கு வழி மட்டும் குடைந்தேன். அதன் நடுவில் ஒரு எல்லைக் காவலன், அதைத் திறக்கும் சாவிக் கூடாரம் பள்ளத்தாக்கில். மூன்றாம் வாரத்துக்கு மேல்தான் அந்த வழி திறக்கும், திறந்த பிறகு யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது.

தெரிவதும் தெரியாததும்கூட நாட்கணக்குதான். ஹீரோவுக்குப் பொதுவாகச் சுற்றி ஐந்து கட்டம் தெரியும். ரெட்வுட் அப்சர்வேட்டரி என்ற மரக் கோபுரத்தில் ஏறினால் 20 கட்டம் வரை மூடுபனி விலகும். 72×72 மேப்பின் மையத்தில் அதை வைத்தால் பாதிக்கும் மேற்பட்ட அகலம் ஒரே நொடியில் அம்பலமாகிவிடும். பெரிய மேப்பில் அது வரம், சிறிய மேப்பில் கண்டுபிடிக்கும் சுகத்தை விழுங்கிவிடும். அதை எடுத்துவிட்டேன்.

முடிவு பற்றியும் முன்பே யோசிக்க வேண்டும். சமபலமாக இருவர் கோட்டைக்குள் உட்கார்ந்துகொண்டால் ஆட்டம் முடியவே முடியாது. வெற்றி நிபந்தனையாகக் குறிப்பிட்ட நகரத்தைப் பிடிப்பது என்று ஒன்று உண்டு. பள்ளத்தாக்கின் நடுவே ராம்பார்ட் என்ற வேறொரு வகை நகரம், அதில் பெரிய காவல் படை, அதைப் பிடித்தவர் வென்றார் என்று வைத்தேன். எதிராளியை முழுக்க அழித்து வெல்லும் வழக்கமான வழியும் அதே இடத்தில் அனுமதிக்கலாம், அதையும் விட்டுவைத்தேன். நகரத்தை முற்றுகையிடுகிறவர் படையை இழப்பார், இழந்த நேரத்தில் மற்றவர் வந்து தாக்குவார். ஆகவே யார் முதலில் துணிவது என்பதே ஐந்தாம் வாரத்தின் கேள்வியாகிவிடுகிறது.

அலங்காரத்தை நான் கடைசியில்தான் செய்கிறேன். வெறும் நிலம், நகரம், சுரங்கம், காவல், எல்லைகள் மட்டும் உள்ள அசிங்கமான மேப்பை முதலில் ஆடிப் பார்க்க வேண்டும். காட்டையும் ஏரியையும் அழகாக அடுக்கிவிட்டால் அதற்கு அப்புறம் பாதையை மூன்று கட்டம் நகர்த்த மனசு வராது. அலங்கரிக்கும்போது பெரிய மலைகளை முதலில் வைத்து, இடைவெளிகளில் சிறியவற்றை வையுங்கள். ஒரே மலைப் படத்தை அடுத்தடுத்து வைக்காதீர்கள். புல்லுக்கும் பனிக்கும் நடுவே எடிட்டர் தானாக மண் பட்டை போட்டுக்கொள்ளும், அதை நேர்கோடாக விடாமல் வளைத்து இழுத்தால் நிலத்துக்கு உயிர் வரும். வழிகாட்டிப் பலகைகளும் மதுக்கடை வதந்திகளும் கதை சொல்ல நல்ல இடங்கள். ஆனால் நாலு வரிக்கு மேல் யாரும் படிப்பதில்லை, எழுதுவதில் ஒரு உபயோகமான குறிப்பு இருக்கட்டும்.

கணினியோடு தனியாக ஆடும் மேப் என்றால் வேறு சில விசைகள் கைவசம் உண்டு. ஒவ்வொரு கணினி ஆட்டக்காரருக்கும் போர்க்குணம், கட்டும் குணம், சுற்றித் திரியும் குணம் என்று ஒன்றைக் கொடுக்கலாம். அதன் ஹீரோவைக் குறிப்பிட்ட வட்டத்துக்குள் மட்டும் ரோந்து சுற்ற வைக்கலாம். நான் செய்தது இருவர் மேப், அதனால் அதற்குள் ஆழமாகப் போகவில்லை.

ஆடிப் பார்ப்பதைப் பற்றித்தான் மிக அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எடிட்டரில் மேப்பைச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது, அடிப்படைக் குறைகளைச் சொல்லும், அவ்வளவுதான். ஆட்டம் நன்றாக இருக்கிறதா என்பதை மனிதர்கள் ஆடும்போதுதான் பார்க்க முடியும். நண்பர்கள் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் ஒரு தாளில் தேதிகளை மட்டும் குறிக்கிறேன்: எந்த நாளில் எந்தச் சுரங்கம், எந்த நாளில் வாசல், எந்த நாளில் முதல் சந்திப்பு. பிறகு அதை என் நாட்காட்டியோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். 'நன்றாக இருந்தது' என்ற பாராட்டைவிட இந்தத் தேதிகள் ஆயிரம் மடங்கு சொல்லும். ஒரு காவலைச் சுற்றி இரண்டு நாள் யோசித்துத் திரும்பிப் போகிறாரா, ஒரு மூலைக்கு யாருமே போகவில்லையா, ஒரே ஹீரோ எல்லா வேலையும் செய்கிறாரா என்பதெல்லாம் அங்கே தெரியும். அடுத்த ஆட்டத்தில் இருவரும் பக்கம் மாற வேண்டும். பக்கம் மாறினாலும் வடக்குதான் ஜெயிக்கிறது என்றால் காரணம் மேப்பில் இருக்கிறது, ஆட்டக்காரரிடம் இல்லை.

திருத்தும்போது ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சாலையையும் காவலையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஒவ்வொரு திருத்தத்தையும் புதிய எண்ணோடு தனிக் கோப்பாகச் சேமித்து, என்ன மாற்றினோம் என்பதை மேப் விவரக் குறிப்பிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். பழைய எடிட்டர் உங்கள் கணினியில் ஒத்துழைக்கவில்லை என்றால், விசிஎம்ஐ என்ற திறந்த மூல இயந்திரத்தோடு வரும் எடிட்டரைப் பயன்படுத்தலாம். மூல விளையாட்டின் கோப்புகள் மட்டும் உங்களிடம் இருக்க வேண்டும். அது ஆண்ட்ராய்டிலும் ஓடுகிறது, அதனால் ஆடிப் பார்க்க ஆள் கிடைப்பதும் கொஞ்சம் சுலபம். என் மேப்பில் இப்போது திருத்திக்கொண்டிருப்பது தெற்கு வாசல். ஹார்பிகளைக் கொஞ்சம் குறைத்திருக்கிறேன், அடுத்த ஆட்டத்தில் அது பதினோராம் நாளில் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும்.